பழைய மடிக்கணினியும் நூல் கிடங்குத் தராசும்

சென்ற ஆண்டு ஆடி மாதத்தில் நமது சங்கத்தின் நிர்வாகக் கமிட்டி கூடியபொழுது, உபயோகமற்ற சாமான்களை விற்றுவிடலாம் என்று ஒரு தீர்மானம் வந்தது. ஒடிந்த நாற்காலிகள், துருப்பிடித்த தகர டிரம்கள், 2006ஆம் ஆண்டில் வாங்கிய மடிக்கணினி ஒன்று ஆகியவை ஜாபிதாவில் இடம் பெற்றிருந்தன. மடிக்கணினிக்குப் பழைய சாமான் வியாபாரி 600 ரூபாய் தருவதாகச் சொல்லியிருந்தார்.

அதே கூட்டத்தில் வேறொரு விஷயமும் வந்தது. அங்கத்தினரான அம்மையார் ஒருவருக்குக் கிடங்கிலிருந்து அளித்த சிட்டா நூல் 4.530 கிலோ என்று பேரேட்டில் இருந்தது. தாம் பெற்றது 4.350 கிலோ என்று அவர் சாதித்தார். துணியும் மிச்ச நூலும் திரும்பி வந்தபொழுது 180 கிராம் குறைந்தது. அதன் விலை அவருடைய கூலியில் பிடிக்கப்பட்டது. தராசு காட்டிய எண்ணைக் கண்ணால் பார்த்துக் கையால் எழுதும்பொழுது 3ம் 5ம் இடம் மாறுவது அரிதன்று. ஆனால் மாறியது என்று நிரூபிப்பது எப்படி? எழுதியவரும் யோக்கியர், பெற்றவரும் யோக்கியர். கமிட்டி இரண்டு மணி நேரம் விவாதித்தும் ஒரு முடிவுக்கு வரவில்லை.

பாலிடெக்னிக்கில் பயிலும் நெசவாளர் மகன் ஒருவர் தற்செயலாக அந்த மடிக்கணினியைத் திருப்பிப் பார்த்தார். அதன் பின்புறத்தில் ஒன்பது ஊசிகள் கொண்ட சிறு போர்ட்டு ஒன்று இருந்தது. கிடங்குத் தராசின் முதுகிலும் அதே வடிவில் ஒரு போர்ட்டு உண்டு. பல வருஷங்களாக அதை யாரும் தொட்டதில்லை. இவ்விரண்டும் ஒரே பாஷை பேசுபவை என்று அவர் சொன்ன பிறகே நாம் விழித்துக்கொண்டோம்.

அந்தப் பாஷைக்கு ஆர்.எஸ்.-232 என்று பெயர். அமெரிக்காவில் 1960இல் வகுக்கப்பட்ட முறை அது. புதிய மடிக்கணினிகளில் இந்தப் போர்ட்டு இப்பொழுது அநேகமாக இல்லை. ஆயினும் தராசுகளிலும் தொழிற்சாலை யந்திரங்களிலும் இன்றும் அது வழக்கத்தில் இருக்கிறது. அதன் செயலை நெசவாளருக்கு விளக்குவது சுலபம். நாடா ஒரு முறை ஓடினால் ஊடை இழை ஒன்று விழுகிறது. அடுத்த ஓட்டத்தில் அடுத்த இழை. அவ்வாறே இந்தப் போர்ட்டில் செய்தி முழுவதும் ஒரே கம்பியில் ஒன்றன்பின் ஒன்றாகச் செல்கிறது. அதன் பக்கத்தில் இருந்த 25 துளைப் போர்ட்டோ பாவைப் போன்றது. எட்டுக் கம்பிகள் ஒருங்கே எழுந்து ஒருங்கே தாழ்கின்றன. அச்சு யந்திரத்திற்கென ஏற்பட்டது அது.

இணைத்த முதல் நாள் ஒன்றும் வரவில்லை. ஒன்பது ஊசிகளில் நமது காரியத்திற்கு மூன்றே போதும்: இரண்டாவது வாங்குவதற்கு, மூன்றாவது கொடுப்பதற்கு, ஐந்தாவது பொதுத் தரை. இரு பக்கத்திலும் இரண்டாவது இரண்டாவதுடன் சேர்ந்திருந்தால், வாயும் வாயும் காதும் காதும் எதிரெதிரே நின்றது போலாகும்! இரண்டையும் மூன்றையும் மாற்றிப் பின்னிய கம்பியைப் போட்டவுடன் திரையில் எழுத்துக்கள் தோன்றின. ஆனால் எல்லாம் கிறுக்கல். இரு யந்திரங்களின் வேகமும் ஒத்திராததே அதற்குக் காரணம். தராசின் கைப்புத்தகத்தைத் தேடி எடுத்து, 9600 என்ற வேகத்தையும் மற்ற ஏற்பாடுகளையும் கணினியில் வைத்தவுடன் எடை தெளிவாக வந்தது. கம்பிக்கு ஆன செலவு ஒரு வேளைச் சாப்பாட்டுச் செலவுதான்.

இங்கே ஓர் எச்சரிக்கை. தராசுக்கு எடையளவு அதிகாரிகள் இட்ட முத்திரையைத் தொடக் கூடாது. 2009ஆம் ஆண்டுச் சட்டப்படி முத்திரையைச் சிதைப்பது குற்றம். வெளியே தெரியும் போர்ட்டில் கம்பியைச் செருகுவதற்கு உள்ளே திறக்க வேண்டிய அவசியமே இல்லை.

எடை கணினிக்கு வந்துவிட்டால் போதாது. அங்கத்தினர் கைக்கும் அது வர வேண்டும். பரணில் கிடந்த டாட் மேட்ரிக்ஸ் அச்சு யந்திரம் அதற்கு உதவியது. இவ்வகை யந்திரத்தில் ஊசிகள் ரிப்பனைத் தட்டி எழுதுகின்றன. ஆகையால் கார்பன் வைத்த மூன்று தாள்களில் ஒரே தட்டில் மூன்று பிரதிகள் கிடைக்கும். புதிய லேசர் யந்திரம் எத்தனை விலை பெற்றாலும் இதைச் செய்ய இயலாது. ஒரு பிரதி நெசவாளருக்கு, ஒன்று கிடங்குக்கு, ஒன்று கணக்கருக்கு. இரு யந்திரங்களையும் நிறுத்திவிட்டே இந்தப் பெரிய போர்ட்டில் கம்பியைச் செருகவும் பிடுங்கவும் வேண்டும்.

புதிய கணினியில் யு.எஸ்.பி. மாற்றிகள் வைத்து இவற்றையெல்லாம் செய்ய முடியாதா என்று அன்பர்கள் கேட்கலாம். முடியும். ஆனால் மாற்றியை வேறொரு துளையில் செருகினால் போர்ட்டின் எண் சில சமயம் மாறிவிடும். காலை எட்டு மணிக்கு வரிசை நிற்கும்பொழுது அது பெரிய தொந்தரவு. கணினியிலேயே பதிந்த போர்ட்டு என்றும் காம் 1 தான்.

ஒரு மாதம் ஓடிய பிறகு ஒரு வேடிக்கை நடந்தது. மின்சாரம் வெகு நேரம் நின்ற மறுநாள், சீட்டுகளில் எல்லாம் பழைய வருஷத்துத் தேதி அச்சாகியிருந்தது. உள்ளே கடிகாரத்தை ஓட்டும் நாணய அளவு பேட்டரி தீர்ந்துபோயிருந்தது. புதிதாக ஒன்று போட்டதும் சரியாயிற்று. பெரிய பேட்டரி உப்பியிருந்தபடியால் அதை அகற்றிவிட்டு, நேரே மின்சாரத்தில் ஓட்டுகிறோம். உப்பிய பேட்டரியை எவரும் வைத்துக்கொள்ள வேண்டாம், தீப்பிடிக்கும்.

அந்தக் கணினியில் உள்ளது விண்டோஸ் எக்ஸ்.பி. அதற்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2014 ஏப்ரலுடன் நின்றுவிட்டன. ஆகவே அதை இணையத்தில் இணைப்பதில்லை. வங்கி வேலை எதுவும் அதில் செய்வதில்லை. அன்றாட எடைக் கணக்கைத் தனியாக ஒதுக்கிய ஒரே பென் டிரைவில் எடுத்து அலுவலகத்திற்குக் கொண்டு செல்கிறோம்.

மற்றப் போர்ட்டுகளையும் பார்த்தோம். 15 ஊசி கொண்ட வி.ஜி.ஏ. போர்ட்டு, சங்கக் கூடத்துப் பழைய படம் காட்டும் கருவிக்குப் பொருந்தியது. மஞ்சள் பயிரின் இலைப்புள்ளி நோயைப் பற்றி விவசாய அங்கத்தினர்களுக்கு இரு மாலை படங்கள் காட்டினோம். நான்கு ஊசி ஃபயர்வயர் போர்ட்டைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். இப்பொழுது நம்மிடையே இல்லாத மூத்த நெசவாளர் ஒருவர் கோர்வைக் கரை போடும் விதத்தைப் பல வருஷங்களுக்கு முன் சிறு வீடியோ நாடாவில் பிடித்து வைத்திருந்தோம். அந்த நாடாவிலிருந்து படத்தைக் குறைவின்றிக் கணினிக்கு ஏற்ற இந்தப் போர்ட்டே வழி. ஒரு மணி நேர நாடா ஏற ஒரு மணி நேரமே ஆகும். சுமார் 13 ஜிகாபைட் இடம் பிடிக்கும். நாடாவும் நாளாக ஆகப் பழுதாகும் என்பதால் இதை ஒத்திப்போடவில்லை. அவருடைய விரல்கள் இழையைக் கோர்ப்பதை இளைஞர்கள் நிறுத்தி நிறுத்திப் பார்க்கிறார்கள்.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறோம். கணினி எடையை அப்படியே எழுதும். நூல் ஈரமா உலர்ந்ததா என்று அதற்குத் தெரியாது. பருத்தி காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. ஐப்பசியில் பெற்ற நூல் பங்குனியில் துணியாகத் திரும்பினால், யார் குற்றமும் இன்றி எடை குறையும். இதற்கு எவ்வளவு தள்ளிக் கொடுப்பது என்பதைக் கமிட்டிதான் தீர்மானிக்க வேண்டும்.

மார்கழியில் ஓர் அங்கத்தினர் தம் சீட்டுடன் வந்து, பேரேட்டில் 200 கிராம் கூடுதலாக ஏறியிருப்பதைக் காட்டினார். மூன்று பிரதிகளும் ஒத்திருந்தன. பேரேடு அங்கேயே திருத்தப்பட்டது. முதலில் கூறிய அம்மையாரின் 180 கிராம் விஷயம் அடுத்த கூட்டத்தில் மறுபடியும் எடுத்துக்கொள்ளப்படும்.

தொலைபேசிக் கம்பிக்கான போர்ட்டுக்கும் எஸ்-வீடியோ போர்ட்டுக்கும் இன்னும் வேலை கிடைக்கவில்லை. பஞ்சுத் தூசி புகாதபடி அவற்றின் மேல் காகிதம் ஒட்டி வைத்திருக்கிறோம்.