எந்தச் சிவப்புக்கு வண்டியை நிறுத்துவது?

ஒருவர் நிரலில் ஒரு ஃபங்ஷனின் பெயரை மாற்றுகிறார். அதே நாளில் இன்னொருவர் பழைய பெயரிலேயே அதைக் கூப்பிட்டு ஒரு புதிய வசதி எழுதுகிறார். தனித்தனியே சோதித்தால் இரண்டும் தேறிவிடும். இரண்டையும் சேர்த்தால் பில்ட் உடையும். தப்பு யார் மேல் என்றும் சொல்ல முடியாது. மறுநாள் காலை மொத்தக் குழுவுக்கும் வேலை நின்றிருக்கும்.

ரஸ்ட் நிரல்மொழியைத் தொடங்கிய கிரேடன் ஹோர் இதைத் தவிர்க்க 'பார்ஸ்' என்ற தானியங்கியை எழுதினார். வேலை எளிது: ஒப்புதல் பெற்ற மாற்றத்தை முதன்மைக் கிளையின் அந்த நேரத்து நிலையோடு ஓரமாக இணைத்துப் பார்க்கும். எல்லாச் சோதனைகளும் தேறினால் முதன்மைக் கிளையை அந்த இடத்துக்கு நகர்த்தும். சேர்த்தபின் சோதிப்பதில்லை, சோதித்ததையே சேர்க்கிறது. இது ஒன்றும் ராக்கெட் விஞ்ஞானம் இல்லை என்று 2014-ல் அவரே எழுதினார்.

ஆனால் 'எல்லாச் சோதனைகளும்' என்றால் எவை? தகராறு அங்கேதான். ரஸ்ட் எத்தனையோ வகைக் கணினிகளில் ஓடுகிறது. அத்தனையிலும் தேற வேண்டும் என்றால் எதுவுமே உள்ளே போகாது. அதனால் கணினி வகைகளை மூன்று படிகளாகப் பிரித்தார்கள். முதல் படியில் உள்ளவை கட்டாயம் ஓட வேண்டும். ஒரு சோதனை தோற்றாலும் கதவு சாத்தப்படும். இரண்டாம் படிக்கு பில்ட் ஆனால் போதும். மூன்றாம் படிக்குத் தானியங்கிச் சோதனையே கிடையாது. 64 பிட் ஆர்ம் லினக்ஸ் 2020 டிசம்பர் 31 அன்று, 1.49 பதிப்பில்தான் முதல் படிக்கு ஏறியது.

மழை பெய்தால் தோற்கிற மாதிரியான சோதனைகளும் உண்டு: நிரல் மாறாமலே ஒருமுறை தேறும், மறுமுறை தோற்கும். தேறிவந்த சோதனை திடீரெனத் தோற்ற தருணங்களில் 84 சதவீதத்தில் இப்படிப்பட்ட ஒன்று சம்பந்தப்பட்டிருந்ததாக 2016-ல் கூகுள் கணக்குக் காட்டியது. இவற்றுக்கும் கதவைச் சாத்தினால் 'புலி வருது' கதைதான். ஆளாளுக்கு 'மறுபடி ஓட்டு' பொத்தானை அமுக்கப் பழகிவிடுவார்கள். நிஜப் புலியும் அதே வழியில் நுழைந்துவிடும். என்னைக் கேட்டால், சரிசெய்ய ஆள் இல்லாத சோதனைக்குத் தடுக்கும் அதிகாரம் கொடுக்கக் கூடாது.

நிரலில் குறை கண்டுபிடிக்கும் 'கிளிப்பி' என்ற கருவி இதற்கு நல்ல உதாரணம். அது கம்பைலரின் உள்ளுறுப்புகளைப் பிடித்துத் தொங்குவது. கம்பைலரைத் தொட்டால் அது உடையும். அதன் நிரலோ வேறு கிடங்கில் இருந்தது. கம்பைலரை மாற்றியவர் அங்கே போய் உடனே திருத்த முடியாது. அதனால் ஒரு சமரசம்: ரஸ்டின் ஆறு வார வெளியீட்டுச் சுற்றில் மற்ற நாட்களில் கிளிப்பி உடையலாம், பீட்டா பிரியும் கடைசி வாரத்தில் மட்டும் கூடாது. 2020-ல் கிளிப்பியை ரஸ்டின் கிடங்குக்குள்ளேயே கொண்டுவந்தார்கள். அதன்பின் உடைத்தவரே அதே மாற்றத்தில் திருத்தியும் கொடுக்கிறார். கிளிப்பி உடைந்தால் எந்த வாரமானாலும் கதவு திறக்காது.