நாய்க்குட்டிக்கு எத்தனை நாள் லீவு?

விதிப்படி கேட்டால் ஒரு நாளும் கிடையாது, தம்பி. அரசின் விடுப்பு விதிகளில் மகப்பேறு உண்டு, மருத்துவம் உண்டு, ஈட்டிய விடுப்பு உண்டு. வீட்டுக்கு நாய்க்குட்டி வந்திருக்கிறது என்பதற்குத் தனியாக எதுவும் இல்லை. அரசு ஊழியரான உங்களுக்கு இருப்பது ஆண்டுக்கு 12 நாள் தற்செயல் விடுப்பு. காரணம் என்ற இடத்தில் ‘சொந்த வேலை’ என்று எழுதுகிறோமே, அதற்குள் நாய்க்குட்டியும் அடங்கிவிடும். நம் புதுக்கோட்டைக் கீழ ராஜ வீதி ஜவுளிக்கடையில் இருக்கும் உங்கள் மச்சினனுக்கும் பெரிய வித்தியாசமில்லை. 1947-ஆம் ஆண்டுக் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், ஓராண்டு வேலை பார்த்தவருக்குச் சம்பளத்தோடு 12 நாள் விடுமுறை, அதுபோக 12 நாள் வரை தற்செயல் விடுப்பு என்று சொல்கிறது. சட்டம் சொல்வதும் முதலாளி கொடுப்பதும் ஒன்றுதானா என்று அவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள். தீபாவளிக்கு முந்தின மாதம் மட்டும் கேட்க வேண்டாம்.

டீ ஆறுகிறது, குடியுங்கள்.

வெளியே நிலைமை கொஞ்சம் மாறியிருக்கிறது. ஸ்காட்லாந்தில் புரூடாக் என்று ஒரு பீர் கம்பெனி, 2017-இல் நாய் வளர்க்க ஆரம்பிக்கும் ஊழியருக்குச் சம்பளத்தோடு ஒரு வாரம் விடுப்பு அறிவித்தது. அதே ஆண்டு ரோமில் ஒரு பல்கலைக்கழக ஊழியர், தன் நாய்க்கு நடந்த சிகிச்சைக்காக எடுத்த இரண்டு நாளுக்குச் சம்பளம் கேட்டு வாங்கினார். நம் நாட்டில் ஸ்விகி நிறுவனம் 2024-இல் தன் முழுநேர ஊழியர்களுக்கு விடுப்பும், செல்லப்பிராணி பழகும் வரை வீட்டிலிருந்தே வேலை பார்க்கும் வசதியும் தருவதாகச் சொன்னது. சோறு கொண்டுவரும் பையன்களுக்கு அது உண்டா என்று கேட்காதீர்கள், ‘முழுநேர ஊழியர்’ என்ற சொல்லிலேயே பதில் இருக்கிறது.

எத்தனை நாள் என்பது இருக்கட்டும். அந்த நாட்களை எப்படிச் செலவழிக்கப் போகிறீர்கள் என்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். ஐந்து நாள் லீவு போட்டு, ஐந்து நாளும் குட்டியை மடியை விட்டு இறக்காமல் கொஞ்சிவிட்டு, ஆறாம் நாள் காலை எட்டரைக்குக் கதவைப் பூட்டிக்கொண்டு போய்விடுகிறார்கள். அன்று மாலை பக்கத்து வீட்டுக்காரர் வாசலில் நிற்பார், உங்கள் குட்டி நாள் முழுக்க ஊளையிட்டது என்று. அது வேறென்ன செய்யும்? இந்த வீட்டில் எந்நேரமும் ஆள் இருக்கும் என்று ஐந்து நாளாக நீங்கள்தானே சொல்லிக்கொடுத்தீர்கள்? நீங்கள் இல்லாத நேரத்துக்கு அதைப் பழக்கவும் இந்த லீவிலேயே நேரம் ஒதுக்க வேண்டும்.

எங்கள் அப்பா காலத்தில் யார் நாய்க்கு லீவு போட்டார்கள் என்று உங்கள் அப்பத்தா கேட்பார். நியாயமான கேள்விதான். அன்று வீட்டைப் பூட்டும் வழக்கமே கிடையாது. திண்ணையில் ஒரு பெரியவர், கொல்லையில் மாடு, அடுப்படியில் ஒருத்தர் என்று எந்நேரமும் யாராவது இருந்தார்கள். நாய்க்கும் வேலை இருந்தது. திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் முதலாம் மகேந்திரவர்மன் காலத்து நடுகல் ஒன்று நிற்கிறது, கேள்விப்பட்டிருப்பீர்கள். மாடு கவர வந்தவர்களோடு நடந்த சண்டையில் இறந்த வீரனுக்கு எடுத்த கல். அவன் பக்கத்தில் அவன் நாயும் இருக்கிறது, கோவிவன் என்று பெயரோடு. இரண்டு கள்ளரைக் கடித்துக் காவல் நின்றது என்று கல்லிலேயே வெட்டி வைத்திருக்கிறார்கள். ஆயிரத்து நானூறு வருஷத்துக்கு முன்னால் ஒரு நாய்க்குக் கிடைத்த மரியாதை அது. உங்கள் வீட்டுக் குட்டிக்கு மாடும் இல்லை, கள்ளரும் இல்லை. நீங்கள் வரும் வரை காத்திருப்பது ஒன்றுதான் அதற்கு வேலை. நாயின் இயல்புக்கு அதைவிடக் கடினமான வேலை கொடுக்க முடியாது. அதனால் சொல்லிக்கொடுத்துத்தான் ஆக வேண்டும்.

குட்டிக்கு எத்தனை நாள் வயது என்றீர்கள்? முப்பத்தைந்தா? வேண்டாம், விட்டுவிட்டு வாருங்கள். எட்டு வாரம் முடியாத குட்டியை விற்கக் கூடாது என்று 2017-இல் மத்திய அரசு விதியே போட்டிருக்கிறது. சட்டத்துக்காக மட்டும் சொல்லவில்லை. கூடப் பிறந்தவற்றோடு உருண்டு கடித்து விளையாடும்போதுதான் எவ்வளவு கடித்தால் வலிக்கும் என்று குட்டி கற்றுக்கொள்கிறது. சீக்கிரம் பிரித்து வந்தால் அந்தப் பாடம் உங்கள் கையிலும் பாப்பாவின் காலிலும் நடக்கும். ராஜபாளையம் குட்டி என்றால் இன்னொன்றும் பாருங்கள். முழு வெள்ளைக் குட்டிகளில் பிறவிச் செவிடு உண்டு. அது பார்க்காத பக்கம் நின்று கை தட்டுங்கள். திரும்பாவிட்டால் அழைத்து வரக் கூடாது என்று இல்லை, தெரிந்தே அழைத்து வாருங்கள் என்கிறேன்.

மாதமும் முக்கியம். தீபாவளியை ஒட்டிக் கொண்டுவராதீர்கள், முதல் வாரமே வெடிச்சத்தத்தில் மிரண்டால் பல நாய்கள் ஆயுசுக்கும் இடிக்குப் பயப்படும். கத்திரி வெயிலும் வேண்டாம். நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்க்காது, நாக்கைத் தொங்கவிட்டு இரைத்துத்தான் சூட்டை வெளியேற்றும். நம் ஊர் மே மாதத்தில் தகரக் கொட்டகைக்கு அடியில் கட்டிப்போட்ட குட்டி தாங்காது. பொங்கல் லீவோடு சேர்த்துக்கொள்ளலாம் என்று நினைப்பீர்கள். ஜல்லிக்கட்டு, சொந்தக்காரர்கள், விருந்து என்று வீடே திருவிழாவாக இருக்கும்போது குட்டிக்கு யார் நேரம் கொடுப்பது? பொங்கல் கூட்டம் கலைந்தபின் தை கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை போடுங்கள். வெள்ளி லீவு, சனி ஞாயிறு ஆபீஸ் கிடையாது, திங்கள் லீவு. இரண்டே தற்செயல் விடுப்பில் நான்கு நாள். விடுமுறைகளையும் சேர்த்து 10 நாளைத் தாண்டக் கூடாது என்ற விதி உங்களுக்குத் தெரியும், அதன் பக்கத்தில்கூடப் போக வேண்டியதில்லை.

காலையில் கொண்டுவாருங்கள், சாயங்காலம் வேண்டாம். இருட்டுவதற்கு முன் வீட்டின் வாசனையை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்க்க அதற்கு நேரம் வேண்டும். தாய் படுத்த சாக்கில் ஒரு துண்டு கிழித்துத் தரச் சொல்லிக் கேளுங்கள், யாரும் மறுக்க மாட்டார்கள். முதல் நாள் மறுவீட்டுக்கு வந்த பெண்ணைப் பார்க்கிற மாதிரி தெருவே திரண்டு வரும், தூக்கிக் கொஞ்சும். வாசலிலேயே நிறுத்துங்கள். எட்டு வாரக் குட்டி ஒரு நாளில் பதினெட்டு மணி நேரத்துக்குக் குறையாமல் தூங்கும், தூங்கவிட வேண்டும். ராத்திரி அழும். உங்கள் கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு அட்டைப்பெட்டியில் அந்தச் சாக்குத் துண்டைப் போட்டுப் படுக்க வையுங்கள். கையைத் தொங்கப் போட்டால் முகர்ந்துவிட்டுத் தூங்கிவிடும். பிறகு ஒவ்வொரு ராத்திரியும் பெட்டியைக் கொஞ்சம் கொஞ்சமாக, அது நிரந்தரமாகப் படுக்க வேண்டிய இடம் வரை நகர்த்துங்கள். முதல் ராத்திரியே கொல்லையில் போட்டுக் கதவடைத்தால் தைரியம் வரும் என்று சொல்லும் ஆட்கள் உண்டு. நான் அதைக் கேட்பதில்லை.

மூத்திர விஷயம் சொல்கிறேன், இதில்தான் உங்கள் கணக்கு உதைக்கிறது. தூங்கி எழுந்ததும், தின்றதும், விளையாடி முடித்ததும் குட்டிக்கு அவசரம் வரும். அப்போதெல்லாம் ஒரே இடத்துக்குத் தூக்கிப் போங்கள், அது போனதும் கையால் ஒரு துண்டு தீனி கொடுங்கள். வீட்டுக்குள் போய்விட்டால் மூக்கை அதில் தேய்ப்பது, அடிப்பது எல்லாம் வீண். உங்கள் கண்ணுக்கு எதிரில் போகக் கூடாது என்று மட்டும்தான் அது புரிந்துகொள்ளும், அடுத்த முறை பீரோவுக்குப் பின்னால் போகும். சோப்புத் தண்ணீரால் துடையுங்கள். தரையையும் காலையும் நக்கும் குட்டி இருக்கிற வீட்டில் பினாயில் வேண்டாம். இப்போது கணக்குக்கு வருவோம். எத்தனை மாதக் குட்டியோ அதோடு ஒன்று கூட்டுங்கள், ஏறக்குறைய அத்தனை மணி நேரம்தான் பகலில் அடக்க முடியும். இரண்டு மாதக் குட்டிக்கு மூன்று மணி நேரம். உங்கள் வீடு பூட்டியிருப்பது ஒன்பது மணி நேரம். நான்கு நாள் லீவில் இந்த இடைவெளி அடையாது.

சென்னைக்காரன் என்றால் இந்த இடத்தில் கையை விரித்திருப்பேன். நீங்கள் புதுக்கோட்டையில் இருக்கிறீர்கள், ஆபீஸிலிருந்து வண்டியை எடுத்தால் பத்து நிமிஷத்தில் வீடு. மதியச் சாப்பாட்டை வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். மிச்சமிருக்கும் தற்செயல் விடுப்பை முழு நாளாக எடுக்காமல் அரை நாளாக உடைத்து அடுத்த இரண்டு வாரத்தில் தெளித்துவிடுங்கள். டீச்சர் வேலை பார்க்கும் உங்கள் வீட்டம்மாவும் நீங்களும் மாற்றி மாற்றி எடுத்தால் இன்னும் நல்லது. இடைப்பட்ட நேரத்துக்கு அப்பத்தாவைக் கொஞ்ச நாள் வந்து தங்கச் சொல்லுங்கள்.

அப்பத்தா வந்தால் சாப்பாட்டுப் பிரச்சினை வரும், இப்போதே சொல்லிவிடுகிறேன். துர்வாசபுரம் பைரவருக்கு நேர்ந்துகொள்கிற மனுஷி, பைரவரே வீட்டுக்கு வந்துவிட்டார் என்று பாலும் சோறுமாகப் பிசைந்து ஊட்டுவார். பசும்பால் பல குட்டிகளுக்குச் செரிக்காது, கழிச்சல் எடுக்கும். கொஞ்சம் மோர் சாதம் பெரும்பாலும் ஒத்துக்கொள்ளும். சாம்பார் சாதம் கூடாது, வெங்காயமும் பூண்டும் நாயின் ரத்தத்தைக் கெடுக்கும். திராட்சை, சாக்லேட் பக்கமே போகக் கூடாது. வெந்த கோழி எலும்பு சிலாம்பாக உடைந்து குடலைக் கிழிக்கும். முதல் வாரம், பிறந்த இடத்தில் எதைத் தின்றதோ அதையே நாளுக்கு மூன்று நான்கு வேளையாகக் கொடுங்கள். மாற்றுவதானால் மெதுவாக மாற்றுங்கள்.

இரண்டாம் நாளிலிருந்து பிரிந்திருக்கப் பழக்குங்கள். பக்கத்து அறைக்குள் போய்க் கதவைச் சாத்தி, அது அழ ஆரம்பிப்பதற்குள் திரும்பி வாருங்கள். அடுத்து இரண்டு நிமிஷம், அடுத்து ஐந்து. மூன்றாம் நாள் ஆபீஸ் போகிற சட்டையைப் போடுங்கள், சாவியை எடுங்கள், வண்டியைக் கிளப்புங்கள், தெருமுனைக் கடையில் வெற்றிலை வாங்கிக்கொண்டு திரும்பி வாருங்கள். குட்டிக்கு உங்கள் முகத்தைவிடச் சாவிச் சத்தம் சீக்கிரம் பிடிபடும். சாவிச் சத்தம் கேட்டால் ஆள் காணாமல் போவான், ஆனால் வந்துவிடுவான் என்று அதற்குப் பதிய வேண்டும். போகும்போது கட்டிப்பிடித்து விடைபெறாதீர்கள், வந்ததும் ஆர்ப்பாட்டம் செய்யாதீர்கள். செருப்பைக் கழற்றி, கை கழுவி, அது அடங்கியதும் தடவிக்கொடுங்கள். திங்கட்கிழமைக்குள் ஒரு மணி நேரம் தனியாக இருந்துவிட்டால் உங்கள் லீவு வீணாகவில்லை.

ஊசிக்கும் லீவில் கொஞ்சம் மிச்சம் வையுங்கள். ஆறு முதல் எட்டு வாரத்தில் முதல் தடுப்பூசி, பிறகு பதினாறு வாரம் ஆகும் வரை மூன்று நான்கு வாரத்துக்கு ஒன்று, மூன்றாம் மாதம் வெறிநோய் ஊசி. நடுவில் பூச்சி மருந்து. ஊசி போட்ட அன்று சில குட்டிகள் சுருண்டு படுக்கும், அன்று யாராவது வீட்டில் இருந்தால் நல்லது. ஊசி முடியும் வரை தெருவில் இறக்கி விடாதீர்கள். பார்வோ கிருமி மண்ணில் மாதக்கணக்கில் இருக்கும். ரத்தக் கழிச்சலும் வாந்தியும் கண்டால் மறுநாள் பார்க்கலாம் என்று இருக்கக் கூடாது, அன்றைக்கே கால்நடை மருத்துவமனை.

ஆனால் தெருவில் இறக்காமல் வீட்டுக்குள்ளேயே பூட்டி வைத்தாலும் கெடுதல்தான். அமெரிக்காவில் பார் ஹார்பர் என்ற ஊரில் ஸ்காட், ஃபுல்லர் என்ற இருவர் பல வருஷம் நாய்க்குட்டிகளை ஆராய்ந்து 1965-இல் புத்தகம் போட்டார்கள். மூன்றாம் வாரத்திலிருந்து பன்னிரண்டாம் வாரம் வரைதான் குட்டி மனிதரோடு எளிதில் ஒட்டிக்கொள்ளும் பருவம், அதற்குப் பிறகு புதியதெல்லாம் பயமாகிவிடுகிறது என்பது அவர்கள் கண்டது. உங்கள் கைக்கு வரும்போது அதில் பாதிக்கு மேல் முடிந்திருக்கும். அதனால் மடியில் வைத்துக்கொண்டு வாசலில் உட்காருங்கள். பஸ் போகட்டும், ஆட்டு மந்தை போகட்டும், தப்பட்டை அடித்துக்கொண்டு ஊர்வலம் போகட்டும். தரையில் கால் படாமல் உலகத்தைப் பார்க்கட்டும்.

பால் பல் ஊசி மாதிரி இருக்கும், விளையாட்டில் பாப்பா மேல் கீறும். சின்னக் குட்டிதானே என்று மஞ்சள் தடவிவிட்டுப் போகாதீர்கள். சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கால் மணி நேரம் கழுவிவிட்டு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள், ஊசி இலவசம்.

இவ்வளவும் கேட்டபின், அரை நாள் லீவுக்கே மேலதிகாரி முகம் சுளிப்பார் என்று தோன்றினால் குட்டியே வேண்டாம். உங்கள் தெருவிலேயே மாநகராட்சி கருத்தடை செய்து காது நுனியில் வெட்டு வைத்த நாய் ஒன்று திரியும். ஒன்றிரண்டு வயது, சாதுவானது, உங்கள் வாசலுக்குத் தானாக வந்து படுப்பது. பஸ், வெடி, மழை எல்லாம் பார்த்தது. பல மணி நேரம் மூத்திரம் அடக்கத் தெரியும், தனியாக இருக்கவும் தெரியும். அதற்கு ஒரு சனி ஞாயிறு போதும், லீவே வேண்டாம்.