'பஸ் போயிருக்கும்': பிரெஞ்சு எதிர்கால நிறைவைத் தமிழ் வழியே கற்பித்தல்

புதுச்சேரியில் அரசு மேல்நிலைப் பள்ளியொன்றில் பிரெஞ்சு கற்பிக்கிறேன். பிரெஞ்சு ஆசிரியர்கள் நம்மில் மிகச் சிலர்தாம். ஆனாலும் இந்தக் கட்டுரையைத் தமிழ், ஆங்கில ஆசிரியர்களும் படிக்க வேண்டும் என்று விரும்புகிறேன். ஒரு மொழியின் இலக்கணத்தை நடத்தும்போது பிள்ளைகளின் சொந்த மொழி எங்கே கை கொடுக்கிறது, எங்கே காலை வாருகிறது என்பது நம் எல்லோருக்கும் பொதுவான கேள்வி.

பிரெஞ்சில் 'ஃப்யுத்யூர் ஆந்தேரியர்' என்றொரு காலம் உண்டு. எதிர்கால நிறைவு என்று சொல்லலாம். வரப்போகும் ஒரு நேரத்துக்குள் செயல் முடிந்து நிற்பதை இது காட்டும். இதை ஆங்கிலத்தின் 'வில் ஹாவ் ஃபினிஷ்டு' வழியாக நடத்துவதே வழக்கம். தமிழ்வழியில் படித்து வந்த பிள்ளைக்கு அந்த ஆங்கில வடிவமே புதிது. தெரியாத ஒன்றைக் காட்டித் தெரியாத இன்னொன்றை விளக்கினால் பிள்ளை இரண்டையும் மனப்பாடம் செய்யும். தேர்வு முடிந்ததும் இரண்டையும் விட்டுவிடும். மொழி வகுப்பில் தமிழே கூடாது என்று சில பயிற்சிகளில் சொல்வதுண்டு. உரையாடல் பயிற்சிக்கு அது சரி. இந்தப் பாடத்துக்கு அது பொருந்தாது என்பது என் கருத்து. காரணம், இதே வடிவம் தமிழில் அப்படியே இருக்கிறது.

'முடித்திருப்பேன்' என்ற சொல்லைப் பலகையில் எழுதிப் பிரிக்கச் சொல்லுங்கள். முடித்து + இரு + ப்ப் + ஏன். முடித்து என்பது வினையெச்சம். இரு என்பது துணைவினை. எதிர்காலத்தையும் இடத்தையும் அந்தத் துணைவினைதான் சுமக்கிறது. பிரெஞ்சில் இதே பொருளுக்கு 'ஜோரே ஃபினி' என்பார்கள். ஃபினி என்பது முடிந்த நிலையைக் காட்டும் எச்சம். ஜோரே என்பதில் 'நான்' என்பதும், துணைவினையின் எதிர்கால வடிவமும் சேர்ந்திருக்கின்றன. உறுப்புகள் அவையே, வரிசை மட்டும் கண்ணாடியில் பார்ப்பதுபோல் திரும்பியிருக்கிறது. தமிழில் துணைவினை கடைசியில், பிரெஞ்சில் முதலில். எதிர்மறையிலும் இந்த ஒற்றுமை நிற்கிறது. 'முடித்திருக்க மாட்டேன்' என்னும்போது நாம் மறுப்பது துணைவினையைத்தான். பிரெஞ்சிலும் 'ஜ நோரே பா ஃபினி' என்று மறுப்புச் சொற்கள் இரண்டும் துணைவினையை அணைத்துக்கொள்ளும்; ஃபினியைத் தொடுவதில்லை.

தமிழுக்கு இந்த வேலைக்கு 'இரு' ஒன்று போதும். பிரெஞ்சுக்கு இரண்டு துணைவினைகள் வேண்டும். பெரும்பாலான வினைகளுக்கு 'உடைமை' பொருள் கொண்ட அவ்வார். போதல், வருதல், புறப்படுதல், பிறத்தல், இறத்தல் போன்ற சிறு கூட்டத்துக்கும், தன்னையே செயப்படுபொருளாகக் கொள்ளும் வினைகளுக்கும் 'இருத்தல்' பொருள் கொண்ட ஏத்ர். அவ்வாரின் எதிர்காலம்: ஜோரே, த்யு ஓரா, இல் ஓரா, நூ ஸோரோன், வூ ஸோரே, இல் ஸோரோன். ஏத்ருக்கு: ஜ ஸெரே, த்யு ஸெரா, இல் ஸெரா, நூ ஸெரோன், வூ ஸெரே, இல் ஸெரோன். கடைசி னகரத்தை மூக்கோடு நிறுத்திவிட வேண்டும். நாக்கு மேலே தொடக் கூடாது.

இந்த ஈறுகளை உற்றுப் பார்த்தால் அவை அவ்வாரின் நிகழ்கால வடிவங்களின் எச்சம் என்று தெரியும். லத்தீனில் 'பாட வேண்டியது உண்டு' என்ற பொருளில் கந்தாரே ஹாபெயோ என்று இரண்டு சொல்லாகச் சொன்னது தேய்ந்து ஒட்டித்தான் பிரெஞ்சின் எதிர்காலம் பிறந்தது. ஆக, ஜோரே என்ற ஒரு சொல்லுக்குள் அவ்வார் இரண்டு முறை ஒளிந்திருக்கிறது. மேல் வகுப்புப் பிள்ளைகள் இதை ரசிக்கிறார்கள்.

எச்ச வடிவங்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பார்லே, ஃபினி, வாந்த்யு என்று மூன்று ஒழுங்கான வகைகள். ஃபே, ப்ரி, வ்யு, எக்ரி, உவேர் போன்ற ஒழுங்கற்றவை தனி. கடந்தகாலப் பாடத்திலேயே படித்தவைதாம். ஒன்றை மட்டும் திரும்பச் சொல்ல வேண்டும். 'அவள் போயிருப்பாள்' என்பதில் பெண்பாலைத் துணைவினையே காட்டிவிடுகிறது. பிரெஞ்சில் 'எல் ஸெரா பார்தி' என்னும்போது பெண்பால் குறி எச்சத்தின் கடைசியில் ஓர் எழுத்தாக ஒட்டும். காதில் அது விழாது. ஆகவே எழுதும்போது விட்டுப்போகும். ஆனால் இறத்தல் வினையில் ஆணுக்கு மோர், பெண்ணுக்கு மோர்த் என்று காதிலேயே வித்தியாசம் கேட்கும். விதியை உணர்த்த அந்தச் சோகமான வினையைத்தான் நான் முதலில் எடுக்கிறேன்.

இனிப் பயன்பாடு. பஸ் நிறுத்தத்தில் தினமும் கேட்கும் ஒரு வாக்கியம் போதும்: 'பஸ் போயிருக்கும்.' இதை மூன்று சூழலில் வைத்துப் பாருங்கள்.

நாளை எட்டு மணிக்கு நாம் போய்ச் சேர்வதற்குள் பஸ் போயிருக்கும். இது எதிர்காலம். பிரெஞ்சில் 'லெ ப்யூஸ் ஸெரா பார்தி'.

நிறுத்தத்தில் ஒருவரையும் காணோம்; பஸ் போயிருக்கும். இது எதிர்காலமே இல்லை. நடந்து முடிந்ததைப் பற்றிய ஊகம். ஆங்கிலத்தில் பெரும்பாலும் இதற்கு 'மஸ்ட் ஹாவ்' என்று வேறு வடிவத்துக்கு மாறுவார்கள். பிரெஞ்சுக்காரரோ நம்மைப் போலவே வடிவத்தை மாற்றாமல் 'லெ ப்யூஸ் ஸெரா பார்தி' என்று சொல்ல முடியும். ஆங்கில வழியில் போனால் அரைமணி நேரம் விளக்க வேண்டிய இந்தப் பயன்பாடு, தமிழ் வழியில் ஒரே நொடியில் விளங்கும். அன்றாடப் பேச்சில் ஊகத்துக்கு அவர்கள் வேறொரு வடிவத்தையே அதிகம் கையாளுகிறார்கள் என்பதையும், இது சற்று எழுத்து நடை என்பதையும் சேர்த்தே சொல்லிவிட வேண்டும்.

ஓட்டுநர் நம்மைப் பார்க்காமல் இருந்திருந்தால் பஸ் போயிருக்கும். இங்கே பஸ் போகவில்லை! தமிழில் சொல் மாறவில்லை. பிரெஞ்சில் மாறியே ஆக வேண்டும். 'லெ ப்யூஸ் ஸெரே பார்தி' என்று நிபந்தனை வடிவத்துக்குப் போக வேண்டும். தமிழ் கையை விடும் முதல் இடம் இது. படர்க்கையில் ஸெரா, ஸெரே என்று ஒலியாவது வேறுபடும். தன்மையில் 'வந்திருப்பேன்' என்பதற்கு எதிர்கால நிறைவும் நிபந்தனையும் பலர் வாயில் ஏறக்குறைய ஒன்றுபோலவே ஒலிக்கும். எழுத்தில் ஒரே ஓர் 'எஸ்' கூடும். அந்த ஓர் எழுத்தில் பொருள் தலைகீழாகிவிடும். எனவே ஒவ்வொரு வாக்கியத்துக்கும் முதலில் ஒரே கேள்வி கேட்கப் பழக்குகிறேன்: 'போயிருக்கும் என்கிறாயே, போகவில்லை என்பது உனக்கே தெரியுமா?' தெரியும் என்றால் எதிர்கால நிறைவு வேண்டாம்.

தமிழ் கையை விடும் இரண்டாவது இடம்தான் விடைத்தாள்களில் அதிகம் தென்படுகிறது. 'முடித்ததும் வெளியே போவாய்' என்று நாம் சொல்கிறோம். 'முடித்த' என்பது இறந்தகாலப் பெயரெச்சம். நாளை நடக்கப்போவதைக்கூட அது இறந்தகாலத்தில் சொல்கிறது. மாணவி அதை நம்பி 'கான் த்யு ஆ ஃபினி' என்று எழுதுகிறாள். ஆங்கிலத்திலும் இந்த இடத்தில் நிகழ்கால நிறைவே வருவதால், இரண்டு மொழிகளும் சேர்ந்து அவளைத் தவறான பக்கம் தள்ளுகின்றன. பிரெஞ்சோ, முடிப்பதும் இன்னும் வராத ஒன்றுதானே என்று கணக்குப் பார்க்கும். போவது எதிர்காலம், அதற்கு முன் முடியவேண்டியது எதிர்கால நிறைவு. ஆகவே 'கான் த்யு ஓரா ஃபினி, த்யு ஸொர்திரா'. கான் மட்டுமல்ல, 'உடனே' என்னும் பொருளுள்ள தே க, ஒஸித்தோ க, 'பிறகு' என்னும் அப்ரே க ஆகியவற்றுக்கும் இதுவே கணக்கு.

இதற்கு நான் விதி சொல்வதில்லை. பலகையில் ஒரு கோடு போட்டு, இடது ஓரத்தில் 'இன்று' என்று எழுதி, 'முடிப்பது எங்கே, போவது எங்கே, புள்ளி வை' என்கிறேன். இரண்டு புள்ளிகளும் இன்றுக்கு வலப்புறம் விழும். இடப்புறம் ஒரு புள்ளியும் இல்லாதபோது இறந்தகாலம் எப்படி வரும் என்று பிள்ளைகளே கேட்டுவிடுகிறார்கள்.

இதைப் பிடித்துக்கொண்ட பிள்ளைகள் அடுத்து 'ஸி' என்ற சொல்லில் மாட்டுவார்கள். ஸி என்றால் நம்முடைய 'ஆல்' ஈறு. 'முடித்திருந்தால் போவாய்' என்பதில் 'ஸி த்யு ஆ ஃபினி' என்பதே சரி. நிபந்தனைப் பொருளுள்ள ஸியை அடுத்து எதிர்காலம் வராது. முடிப்பது உறுதி என்றால் கான், எதிர்கால நிறைவு. முடிப்பானோ மாட்டானோ என்றால் ஸி, எதிர்காலத்துக்குத் தடை. கானை முதல் நாளும் ஸியை மறுநாளும் நடத்துவது நல்லது. ஒரே நாளில் நடத்தினால் இரண்டும் கலந்துவிடும்.

எடுத்துக்காட்டுக்கு வினை தேர்ந்தெடுப்பதிலும் கவனம் வேண்டும். பாடநூல்கள் துயில் எழுவதை அடிக்கடி உதாரணம் காட்டும். தமிழில் 'எழுந்திருப்பேன்' என்பது வெறும் எதிர்காலமாகவும் இருக்கும். அந்த வினையே எழுந்திரு அல்லவா? முதல் நாளில் அதைத் தொடவே கூடாது.

பிரெஞ்சு நாளிதழ் படிக்கும் அளவுக்கு வளர்ந்த மாணவர்களுக்கு இன்னொரு பயன்பாட்டையும் காட்ட வேண்டும். இறந்துபோன ஒரு கலைஞரைப் பற்றி 'இல் ஓரா மார்கே ஸோன் எபொக்' என்று எழுதியிருப்பார்கள். 'தம் காலத்தில் முத்திரை பதித்திருப்பார்' என்று தமிழில் மாற்றினால் ஊகமாகிவிடும். அவர் பதித்தது உறுதி. ஒரு வாழ்க்கையை முடிவில் நின்று திரும்பிப் பார்த்து எடைபோடும் நடை அது. 'முத்திரை பதித்துச் சென்றார்' என்றே பெயர்க்க வேண்டும்.

பயிற்சிக்குக் கடிதம்தான் எனக்குப் பிடித்த வடிவம். புதுச்சேரியில் பிரான்சில் உறவினர் இல்லாத தெரு அரிது. பெரியப்பாவுக்கு எழுதும் கடிதத்தில் 'என் முந்தைய கடிதம் கிடைத்திருக்கும்' என்று தொடங்கச் சொல்கிறேன்: 'த்யு ஓரா ரெஸ்யு மா லெத்ர்'. பிரெஞ்சுக் குடும்பத்துக்குள் பெரியப்பாவுக்கும் 'த்யு'தான் வழக்கம் என்று சொன்னால் வகுப்பே நெளிகிறது; சிலர் பிடிவாதமாக 'வூ ஸோரே ரெஸ்யு' என்றே எழுதுகிறார்கள். மரியாதைக்காக எழுதியதற்கு நான் மதிப்பெண் குறைப்பதில்லை. கடிதத்தின் நடுவே 'தேர்வு முடிந்ததும் வருவேன்' என்று ஒரு வாக்கியமும், 'நீங்கள் அழைத்திருந்தால் வந்திருப்பேன்' என்று ஒரு வாக்கியமும் கட்டாயம் இருக்க வேண்டும் என்று நிபந்தனை வைக்கிறேன். திருத்தும்போது நான் முதலில் பார்ப்பது அந்த இரண்டு வரிகளைத்தான்.