வைஃபை பெட்டியை எங்கே வைப்பது?

மாலை வியாபார நேரத்தில் பில் மிஷின் நின்றால் வாடிக்கையாளர் அடுத்த கடைக்குப் போய்விடுவார். நெட் கம்பெனியைத் திட்டுமுன் வைஃபை பெட்டி இருக்கும் இடத்தைப் பாருங்கள். நமது திண்டுக்கல் கடைவீதியில் கடைகள் சுவரோடு சுவர். பொதுச்சுவரில் பெட்டியை மாட்டினால் அலையில் பாதி பக்கத்துக் கடைக்குத்தான் போகும். இருவரும் ஒரே சேனலில் இருந்தால் ஒருவர் முடிக்கும்வரை மற்றவர் காத்திருக்க வேண்டும். 2.4 கிகாஹெர்ட்ஸ் வரிசையில் 13 சேனல் இருந்தாலும், ஒன்றோடொன்று மோதாதவை 1, 6, 11 மட்டுமே. அக்கம்பக்கத்தார் பேசி ஆளுக்கொன்றாக எடுத்துக்கொள்ளலாம், செலவில்லை. பெட்டியைக் கடை நடுவில், தலைக்கு மேல் மாட்டுங்கள். இரும்புப் பெட்டகம் (நம் ஊரில் அதற்கா பஞ்சம்!) அலையைத் திருப்பிவிடும், வெங்காய மூட்டையின் ஈரம் உறிஞ்சிவிடும். புதிதாக வாங்குவோர் 5 கிகாஹெர்ட்ஸும் உள்ளதாக வாங்கவும். அது சுவர் தாண்டுவது குறைவு; ஒட்டிய கடைகளுக்கு அதுவே லாபம்.