புளிப்பு மண் தந்த நீலப் பழம்!

குட்டீஸ்... நல்ல மண்ணில் நட்டு, எரு போட்டு, வேளாவேளைக்குத் தண்ணீர் ஊற்றினால் எந்தச் செடியும் செழித்து வளரும் என்றுதானே நினைக்கிறீர்கள்? அப்படி ராஜ உபசாரம் செய்தால் வாடிப்போகும் செடி ஒன்று இருக்கிறது! அதன் பழம் உருண்டையாக, குட்டிக் கோலிக்குண்டு அளவில், நீல நிறத்தில் இருக்கும். மேலே சாம்பல் பூசியது போல ஒரு மெல்லிய படலம். பெயர் புளூபெர்ரி. பிறந்த இடம், வட அமெரிக்கா.

இந்தப் பழத்தை வைத்து 'காம்போட்' என்ற இனிப்பைச் செய்வது எப்படி என்று இந்த வாரம் பார்க்கப் போகிறோம். அதற்கு முன்னால், காட்டில் கிடந்த பழம் தோட்டத்துக்கு வந்த கதையைக் கேளுங்கள். கதையிலும் சரி, சமையலிலும் சரி, புளிப்புதான் கதாநாயகன்!

தீ வைத்தால் துளிர்க்கும்!

அமெரிக்காவின் வடகிழக்கு மூலையில் இருக்கிறது மெய்ன் மாநிலம். அங்கே முழங்காலுக்கும் கீழே, தரையோடு தரையாகப் படர்ந்து வளர்கிறது காட்டு புளூபெர்ரி. அந்தப் பகுதியின் பூர்வகுடிகளான வாபனாக்கி மக்கள் நெடுங்காலமாக இதைப் பறித்துத் தின்றார்கள். மிச்சத்தைக் காயவைத்து, பனிக்காலத்துக்குச் சேமித்தார்கள்.

அவர்கள் இன்னொரு வேலையும் செய்தார்கள். புளூபெர்ரி வளரும் வெளியில், அளவாகத் தீ வைத்தார்கள்! ஐயோ, செடி எரிந்துவிடாதா? மேலே இருக்கும் கிளை எரியும். மண்ணுக்குள் ஓடும் தண்டு தப்பிக்கும். அதிலிருந்து புதிய தளிர்கள் கிளம்பி, அடுத்த ஆண்டு நிறையக் காய்க்கும். இன்றும் மெய்ன் விவசாயிகள் தீ வைத்தோ, இயந்திரத்தால் வெட்டியோ செடியைத் தரைமட்டமாக்குகிறார்கள். ஒரு வருடம் வளர்ச்சி. மறு வருடம் அறுவடை! பழம் பறிக்க, பெரிய சீப்பு போன்ற ஒரு கருவி உண்டு. ஆகஸ்ட் மாதத்தில் அதைக்கொண்டு செடியை வாரினால், பழங்கள் பொலபொலவென்று உள்ளே விழும்.

இது தவிர, ஆள் உயரத்துக்கு மேலே வளரும் புளூபெர்ரி வகையும் உண்டு. கடைகளில் டப்பாவில் வரும் பெரிய பழங்கள் பெரும்பாலும் அதன் வம்சம்தான். ஆனால், சுமார் 110 வருடங்களுக்கு முன்புவரை அதுவும் காட்டில் மட்டுமே கிடைத்தது. ஆசைப்பட்டுத் தோண்டி எடுத்துவந்து தோட்டத்தில் நட்டவர்களுக்கு ஏமாற்றம்தான். 'இந்தச் செடியைப் பழக்கவே முடியாது' என்று பலரும் கைவிட்டுவிட்டார்கள்.

தொட்டியில் கிடைத்த விடை

பிரடெரிக் கோவில் என்பவர், அமெரிக்க வேளாண் துறையில் பணியாற்றிய தாவரவியல் அறிஞர். 'ஏன் வளர மறுக்கிறது?' என்ற கேள்வியோடு, தொட்டிகளில் புளூபெர்ரியை வளர்த்துப் பார்த்தார். நன்றாக எரு போட்ட வளமான மண்ணில் செடி நோஞ்சானாக நின்றது. சுண்ணாம்பு கலந்த மண்ணிலும் அதே கதிதான். பாதி மட்கிய இலைகள் நிறைந்த, புளிப்பான மண்ணில் நட்டதும், கிடுகிடுவென்று வளர்ந்தது!

மண்ணுக்கு ஏது புளிப்பு என்கிறீர்களா? அமிலத்தன்மை உள்ள மண்ணைத்தான் அப்படிச் சொல்கிறோம். அறிவியல் பாடத்தில் 'பி.எச்.' அளவு படித்திருப்பீர்கள். சுத்தமான தண்ணீருக்கு 7. எண் குறையக் குறைய, புளிப்பு அதிகம். புளூபெர்ரிக்குப் பிடித்த மண்ணின் அளவு, ஏறத்தாழ 4.5 முதல் 5.5 வரை. மற்ற பயிர்கள் பலவும் முகம் சுளிக்கும் மண் அது! அந்த மண்ணில் வேரோடு ஒட்டி வாழும் நுண்ணிய பூஞ்சைகளும் செடிக்கு உணவு எடுத்துத் தந்து உதவுகின்றன. தன் சோதனைகளை எல்லாம் எழுதி, 1910ம் ஆண்டு அரசு வெளியீடாகக் கொண்டுவந்தார் கோவில்.

துளையோடு ஒரு தேடல்

நியூஜெர்சி மாநிலத்தின் தென்பகுதியில் 'பைன் பேரன்ஸ்' என்ற இடம் இருக்கிறது. மணலும் பைன் மரங்களும் நிறைந்த புளிப்பு பூமி. 'எதற்கும் உதவாத நிலம்' என்று அந்தக் காலத்தில் பெயர் வாங்கிய இடம். அங்கே கிரான்பெர்ரி என்ற சிவப்புப் பழத்தைப் பயிரிட்ட குடும்பத்தில், 1871ம் ஆண்டு பிறந்தவர் எலிசபெத் ஒயிட். 1911ல் கோவில் எழுதியதைப் படித்ததும், 'எங்கள் நிலத்தில் சோதனை செய்யுங்கள்' என்று அவருக்குக் கடிதம் எழுதினார். இருவரும் கைகோத்தார்கள்.

நல்ல தோட்டம் வேண்டும் என்றால், நல்ல தாய்ச்செடி வேண்டும். பெரிய காட்டில், பெரிய பழம் தரும் செடி எங்கே இருக்கிறது? அது அந்தக் காட்டிலேயே வாழும் மக்களுக்குத்தானே தெரியும்! எலிசபெத் அவர்களின் உதவியைக் கேட்டார். ஆளுக்கொரு சிறு தகட்டைக் கொடுத்தார். அதில் ஏறத்தாழ 16 மில்லிமீட்டர் அகலத்தில் ஒரு துளை. அந்தத் துளைக்குள் நுழையாத அளவுக்குப் பெரிய பழம் காய்க்கும் செடியைக் காட்டினால், பணம். அதோடு, செடிக்குக் கண்டுபிடித்தவரின் பெயர்!

ரூப் லீக் என்பவர் ஓர் அருமையான செடியைக் காட்டினார். பெயர் வைப்பதில்தான் சிக்கல். 'ரூப்' என்பது இவ்வளவு நல்ல செடிக்குப் பொருத்தமாக இல்லை என்றார் கோவில். 'லீக்' என்று வைக்கலாம் என்றால், அது வெங்காய இனக் கீரை ஒன்றின் பெயர்! கடைசியில், முதல் பெயரோடு 'லீக்'கின் முதல் எழுத்தை ஒட்டி, 'ரூபெல்' என்று வைத்தார்கள். அந்த ரகம் இன்றும் பயிராகிறது. காட்டில் அலைந்த ஒரு மனிதரின் பெயர், நூறு ஆண்டுகள் தாண்டியும் தோட்டங்களில் நிலைத்து நிற்கிறது பார்த்தீர்களா!

1916ம் ஆண்டு, எலிசபெத்தின் தோட்டத்திலிருந்து முதல் புளூபெர்ரி விளைச்சல் விற்பனைக்குப் போனது. உதவாத நிலம் என்று பெயர் எடுத்த மண்தான், அந்தப் பழத்துக்குச் சரியான மண்ணாக இருந்தது.

காம்போட் என்றால்?

பழங்களைச் சர்க்கரைப் பாகில் மென்மையாக வேகவைத்துச் செய்யும் இனிப்புதான் காம்போட். இது பிரெஞ்சுச் சொல். 'சேர்த்து வைத்தது' என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது.

அப்படியானால், இது ஜாம்தானே? இல்லை. ஜாமில் சர்க்கரை மிக அதிகம், நீண்ட நேரம் காய்ச்ச வேண்டும், மாதக்கணக்கில் கெடாது. காம்போட்டில் சர்க்கரை குறைவு. கால் மணி நேரத்தில் தயார். பழம் பாதி முழுசாகவே இருக்கும். ஆனால், சில நாட்களுக்குத்தான் தாங்கும்.

தேவையான பொருட்கள்:

புளூபெர்ரி - 2 கப்
சர்க்கரை - 3 மேஜைக் கரண்டி
தண்ணீர் - 2 மேஜைக் கரண்டி
எலுமிச்சைச் சாறு - 1 மேஜைக் கரண்டி
உப்பு - ஒரு சிட்டிகை

செய்முறை:

1. முதல் வேலை, அம்மாவையோ அப்பாவையோ அடுப்பு அருகே நிற்கச் சொல்வது! கொதிக்கும் பாகு தோலில் பட்டால் ஒட்டிக்கொள்ளும். வெந்நீரைவிட மோசமாகச் சுடும். விளையாட்டு வேண்டாம்.

2. பழங்களைக் கழுவி, காம்பும் நசுங்கியவையும் இருந்தால் நீக்குங்கள். இரண்டு பங்காகப் பிரியுங்கள்.

3. அடி கனமான எவர்சில்வர் பாத்திரத்தில் ஒரு பங்குப் பழம், சர்க்கரை, தண்ணீர், உப்பு போடுங்கள். அலுமினியப் பாத்திரம் வேண்டாம். புளிப்புக்கும் அதற்கும் ஒத்துவராது.

4. மிதமான தீயில் வைத்து, மரக்கரண்டியால் கிளறுங்கள். ஐந்து நிமிடத்தில் பழங்கள் 'பட் பட்' என்று வெடித்து, சாறு விடும். எட்டு நிமிடம் ஆனதும் சாறு லேசாகக் கெட்டியாகும்.

5. மீதிப் பழத்தையும் எலுமிச்சைச் சாற்றையும் சேர்த்து, இன்னும் மூன்று நிமிடம் வையுங்கள். அடுப்பை அணைத்துவிடுங்கள்.

'என்ன, தண்ணீராக இருக்கிறதே!' என்று இன்னும் காய்ச்சாதீர்கள். ஆறினால் தானே இறுகும். ஏன் தெரியுமா? பழத்தின் செல் சுவர்களில் 'பெக்டின்' என்ற பொருள் இருக்கிறது. சூட்டில் அது கரைந்து சாற்றில் கலக்கும். ஆறும்போது கண்ணுக்குத் தெரியாத வலை போலப் பின்னி, சாற்றைப் பிடித்துக்கொள்ளும். அந்த வலை பின்ன, சர்க்கரையும் எலுமிச்சையின் புளிப்பும் கைகொடுக்கின்றன.

ஆறியதும் சுத்தமான, ஈரமில்லாத கண்ணாடி பாட்டிலில் போட்டு, பிரிட்ஜில் வையுங்கள். ஐந்து நாட்களுக்குள் சாப்பிட்டுவிடுங்கள். ஈரக் கரண்டி, எச்சில் கரண்டி கூடவே கூடாது! அமெரிக்காவில் இதை 'பேன்கேக்' மேலே ஊற்றிச் சாப்பிடுவார்கள். கெட்டித் தயிர், வெனிலா ஐஸ்கிரீம், பிரெட்... எதோடும் சேரும்.

தட்டில் ஒரு மேஜிக்

காம்போட்டின் சாற்றில் மூன்று சொட்டுகளை, தனித்தனியாக ஒரு வெள்ளைத் தட்டில் விடுங்கள். ஒவ்வொன்றிலும் கொஞ்சம் தண்ணீர் கலந்துகொள்ளுங்கள். முதல் சொட்டை அப்படியே விட்டுவிடுங்கள். இரண்டாவதில் எலுமிச்சைச் சாறு விடுங்கள், சிவப்பு கூடும். மூன்றாவதில் ஒரு சிட்டிகை சமையல் சோடா போடுங்கள். நீலமாகவோ பச்சையாகவோ மாறும்! காரணம், 'ஆந்தோசயனின்' என்ற நிறப்பொருள். புளிப்பில் சிவக்கும், புளிப்பு போனால் நீலம், பச்சை என்று மாறும். லிட்மஸ் தாள் செய்யும் வேலையை உங்கள் வீட்டுப் பழமே செய்கிறது!

சோதனை செய்த சொட்டுகளைச் சாப்பிடாமல் கழுவிவிடுங்கள்.

இன்னொரு வேடிக்கை. ஒரு பச்சைப் பழத்தை, அதாவது வேகவைக்காத பழத்தை, நன்றாகத் துடைத்துப் பாருங்கள். நீலம் மங்கி, கருமையாகத் தெரியும். 2024ம் ஆண்டு, பிரிட்டனின் பிரிஸ்டல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதன் ரகசியத்தை வெளியிட்டார்கள். தோலின் நிறப்பொருள் கருஞ்சிவப்புதான். மேலே இருக்கும் மெழுகுப் படலத்தின் மிகச் சிறிய அமைப்புகள் நீல ஒளியையும் புற ஊதா ஒளியையும் சிதறடிக்கின்றன. அதனால்தான் பழம் நமக்கு நீலமாகத் தெரிகிறது!

புளூபெர்ரி கிடைக்கவில்லையா?

இப்போது பெரிய கடைகளில் கிடைத்தாலும், விலை அதிகம்தான். கவலை வேண்டாம். கொட்டை நீக்கிய நாவல்பழத்திலோ, விதையில்லாத கறுப்புத் திராட்சையிலோ இதே முறையில் செய்யலாம். அவற்றின் தோலிலும் ஆந்தோசயனின் இருப்பதால், தட்டு மேஜிக்கும் நடக்கும். திராட்சை தித்திப்பு என்பதால், சர்க்கரையை ஒரு கரண்டி குறையுங்கள்.

ஒரு கூடுதல் செய்தி... புளூபெர்ரியின் உறவுக்காரர்கள் நம் தமிழ்நாட்டிலும் இருக்கிறார்கள்! நீலகிரியின் சோலைக்காடுகளில் 'வாக்சினியம்' என்ற அதே பேரினத்தைச் சேர்ந்த செடிகள் வளர்கின்றன. ஒன்றின் தாவரவியல் பெயரிலேயே நீலகிரி இருக்கிறது: 'வாக்சினியம் நீல்கெரன்ஸ்'. மலையில் அடிக்கும் மழை, மண்ணின் சுண்ணாம்புச் சத்தைக் கரைத்துக்கொண்டு போய்விடும். அங்கே தேயிலை நன்றாக வளர்வதற்கும் அந்தப் புளிப்பு மண்தான் காரணம்.

உங்கள் வீட்டுத் தோட்டத்தில் ஏதாவது ஒரு செடி, எவ்வளவு கவனித்தும் வளராமல் அடம் பிடிக்கிறதா? பிடுங்கி எறிந்துவிடாதீர்கள். அதற்கு எந்த மண் பிடிக்கும் என்று தேடிப் பாருங்கள். பிரடெரிக் கோவிலும் எலிசபெத் ஒயிட்டும் அதைத்தான் செய்தார்கள். அதன் இனிப்பான பலனைத்தான் இப்போது கரண்டியால் அள்ளிச் சாப்பிடப் போகிறீர்கள்!