எஸ்பெராண்டோவின் வரையறைச் சொல்லும் தமிழின் அறிநிலைப் பொருண்மையும்: ஏற்காட்டுச் சூழல் எடுத்துக்காட்டுகளை முன்வைத்து

முன்னுரை

பெயர்ச்சொல் குறிக்கும் பொருள் கேட்போர்க்கு முன்பே அறிமுகமானதா, புதியதா என்பதை உணர்த்த ஆங்கிலம் 'தி', 'எ' என்னும் தனிச்சொற்களைக் கொண்டுள்ளது. இவை இக்கட்டுரையில் வரையறைச் சொற்கள் எனப்படுகின்றன. தமிழில் 'தி' என்பதற்கு 'அந்த' என்றும், 'எ' என்பதற்கு 'ஒரு' என்றும் நேர் நிறுத்தும் போக்கு மொழிபெயர்ப்புகளில் காணப்படுகிறது. இது பொருந்துமா என ஆராய, விதிகள் வெளிப்படையாக வகுக்கப்பெற்ற ஆக்க மொழியாகிய எஸ்பெராண்டோ தக்க உரைகல்லாகிறது. எடுத்துக்காட்டுகள் ஏற்காட்டுச் சூழலில் அமைக்கப்பட்டுள்ளன. சேர்வராயன் மலைமேல் உள்ள அவ்வூரின் நடுவே அமைந்த ஏரி, 'ஏரி' என்ற அளவிலேயே எல்லார்க்கும் விளங்கும். காப்பித் தோட்டங்களும் அவற்றின் நிழல் மரங்களுமோ பல. ஒருமைத்தன்மையும் பன்மையும் இவ்வாறு அருகருகே அமைதல் ஒப்பீட்டிற்குத் துணைசெய்கிறது.

எஸ்பெராண்டோவில் 'லா'

சாமன்ஹாஃப் 1887இல் வெளியிட்ட எஸ்பெராண்டோ இலக்கணம் 16 விதிகளைக் கொண்டது. அவற்றுள் முதல் விதியே வரையறைச் சொல் பற்றியது. அறிந்த பொருளைக் குறிக்க 'லா' என்னும் ஒரு சொல் உண்டு. அது பால், எண், வேற்றுமை நோக்கித் திரியாது. புதிய பொருளுக்குத் தனிச்சொல் இல்லை. 'லா' வாராமையே அதனை உணர்த்தும். 'லாகோ' என்பது ஏரி என்னும் பொருளது; 'லா லாகோ' எனின் இருவரும் அறிந்த ஏரி. இவ்வேறுபாடு எல்லார்க்கும் எளிதன்று என்பதைச் சாமன்ஹாஃப் உணர்ந்திருந்தார். 1905இல் வெளிவந்த அடிப்படை நூலில், வரையறைச் சொல்லின் ஆட்சி கடினமாகத் தோன்றுவோர் தொடக்கத்தில் அதனை விட்டுவிடலாம் என்னும் குறிப்பு இடம்பெற்றுள்ளது.

எழுவாய் நிலை

தமிழில் 'ஏரி நிரம்பிவிட்டது' என்று ஏற்காட்டில் ஒருவர் கூறின், அடையற்ற பெயரே அறிந்த பொருளைத் தருகிறது. எஸ்பெராண்டோவில் இவ்விடத்து 'லா' வேண்டும். மாறாக, 'அந்த ஏரி நிரம்பிவிட்டது' எனின், கேட்பவர் 'எந்த ஏரி?' என வினவ நேரும். சுட்டு, பிற ஏரிகளினின்று ஒன்றைப் பிரித்துக் காட்டுவதே இதற்குக் காரணம். ஆகவே 'லா' ஏற்கும் இடமெல்லாம் 'அந்த' ஏற்கும் இடமன்று.

சொல்வரிசையும் இப்பொருண்மையில் பங்கு பெறுகிறது. 'காட்டெருது தோட்டத்தில் புகுந்துவிட்டது' என்பதில் காட்டெருது பெரும்பாலும் முன்பே பேசப்பட்டது. 'தோட்டத்தில் காட்டெருது புகுந்துவிட்டது' என்பதில் அது புதிய செய்தியாகிறது. இரண்டிலும் 'ஒரு' இல்லை.

செயப்படுபொருள் நிலை

மரம் வெட்டுதலைக் குறிக்கும் தொடர்களில் வேறுபாடு மேலும் தெளிவாகிறது. எஸ்பெராண்டோவில் செயப்படுபொருள் 'ன்' என்னும் ஈறு பெறும். 'லி ஹாகிஸ் ஆர்போன்' என்பது முன் அறிமுகமில்லாத மரத்தையும், 'லி ஹாகிஸ் லா ஆர்போன்' என்பது அறிந்த மரத்தையும் அவன் வெட்டியதைக் கூறும். அவ்வீறு இரண்டிற்கும் பொது. வேற்றுமை வேறு, அறிநிலை வேறு.

தமிழிலோ இவ்விரண்டும் பின்னிக்கிடக்கின்றன:

1. நிழல் மரம் வெட்டினான்: எந்த மரம், எத்தனை மரம் என்பது முதன்மையன்று; தொழிலே முதன்மை.
2. நிழல் மரத்தை வெட்டினான்: கேட்போர் அறிந்த மரம்.
3. ஒரு நிழல் மரம் வெட்டினான்: புதிது, எண்ணிக்கை தோன்றும்.
4. ஒரு நிழல் மரத்தை வெட்டினான்: கேட்போர்க்குப் புதிது, எனினும் கூறுவோர் மனத்தில் குறித்த ஒரு மரம்.

நான்காம் தொடரில் 'ஒரு'வும் 'ஐ'யும் உடன் வருதலால், 'ஐ' உருபை அறிந்த பொருளின் அடையாளம் என்று மட்டும் கொள்ளல் ஆகாது. குறித்த பொருள் என்பதே அதன் பரப்பு. உயர்திணையில் இதுவும் நெகிழ்கிறது. 'ஒரு தொழிலாளியைத் தேடினான்' என்பதில், இன்னார் என்று குறியாத நிலையிலும் உருபு தோன்றுகிறது. உயர்திணைப் பெயரில் ஐகார உருபு ஒழியாது வருதலையும், அஃறிணையில் அது தொக்கு நிற்றலையும் தொல்காப்பியத் தொகைமரபு வேறுபடுத்தியிருப்பது இங்குக் கருதத்தக்கது.

முடிவுரை

எஸ்பெராண்டோ அறிந்ததற்கு அடையாளமிட்டுப் புதியதை வெறுமனே விடுகிறது. தமிழ் எழுவாயில் அறிந்ததை வெறுமனே விட்டு, வேண்டுமிடத்துப் புதியதற்கு 'ஒரு' சேர்க்கிறது. அஃறிணைச் செயப்படுபொருளில் குறித்ததற்கு உருபு ஏற்றுகிறது. ஒரு மொழி ஒரே சொல்லில் அடக்கிய பணியை, மற்றொன்று உருபு, எண்ணடை, சுட்டு, சொல்வரிசை ஆகிய நான்கிற்கும் பகிர்ந்தளித்துள்ளது. வரையறைச் சொல் இன்மை அறிநிலைப் பொருண்மை இன்மையாகாது. எனவே மொழிபெயர்ப்பாளர் 'அந்த', 'ஒரு' என்பவற்றை எந்திரம்போல் இடாது, முதலில் உருபையும் சொல்வரிசையையும் நோக்குதல் வேண்டும். தமிழ் கற்பிக்கும் நூல்களும் 'ஐ' உருபை வேற்றுமைப் பாடத்தோடு நிறுத்தாமல், இப்பொருண்மையோடு இயைத்து விளக்குதல் பயன்தரும்.