துக்காராம் வழியாக வந்த கிறிஸ்துவக் கவி

1893-ம் வருஷம். நாகபுரியிலிருந்து ராஜ்நந்த்காவ் போகும் ரயில். வேலை தேடிக் கிளம்பியிருந்த ஒரு மராத்திக் கவிஞருக்கும் பெட்டியில் இருந்த வெள்ளைக்காரர் ஒருவருக்கும் பேச்சு மூண்டது. கவிதையில் தொடங்கி மதத்தில் போய் நின்றது. பிரியும்போது வெள்ளைக்காரர் புதிய ஏற்பாடு ஒன்றைக் கையில் கொடுத்தார். இரண்டு வருஷத்துக்குள் நீங்கள் கிறிஸ்துவராகிவிடுவீர்கள் என்று ஜோசியம் வேறு சொன்னார்.

ஜோசியம் பலித்தது. 1895 பிப்ரவரி 10 அன்று பம்பாயில் நாராயண் வாமன் திலக் ஞானஸ்நானம் பெற்றார்.

லோகமான்ய திலகருடன் இவரைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். இருவரும் ரத்னகிரி மாவட்டத்துச் சித்பாவன பிராமணர்கள் என்பதோடு ஒற்றுமை முடிந்தது. 1861-ல் கரஜ்காவில் பிறந்த இந்தத் திலக், கேசவ்சுத் தொடங்கிவைத்த நவீன மராத்திக் கவிதை அலையில் வந்தவர். குழந்தைகளையும் பூக்களையும் பாடியவர் என்றே மராத்திப் பாடநூல்கள் இவரை அறியும். ஆனால் ஞாயிற்றுக்கிழமை காலை மராட்டிய தேவாலயம் ஒன்றுக்குப் போய்ப் பாருங்கள். அங்கே திலக் இன்னமும் வாய்விட்டுப் பாடப்படும் கவி. சுமார் 700 பாட்டுகள் கொண்ட மராத்திப் பாட்டுப் புத்தகத்தில் 250-க்கும் மேல் அவருடையவை.

அவர் வருவதற்கு முன்பும் மராத்திக் கிறிஸ்துவர்களிடம் பாட்டு இல்லாமலில்லை. பெரும்பகுதி ஆங்கிலப் பாட்டின் மொழிபெயர்ப்பு. மெட்டை மாற்ற முடியாது. ஆகவே சொல்லை வளைத்தார்கள். மொழிபெயர்ப்பே பிழைப்பான எனக்கு அந்த அவஸ்தை தெரியும்: அர்த்தம் வந்துசேரும், பாஷை வராது. தமிழ்ச் சபைகளில் இதைப் பிரித்துச் சொல்லவே இரண்டு வார்த்தைகள் உண்டு. மேல்நாட்டு மெட்டில் வருவது பாமாலை, நம் ராகத்தில் வருவது கீர்த்தனை.

திலக் கையிலெடுத்தது ஞானேஸ்வரும் துக்காராமும் பாடிய அபங்கம், ஓவி. பண்டரிபுரத்துக்கு நடந்துபோகும் வார்க்கரிகள் எந்த உரிமையோடு விட்டலனைத் தாயே என்று அழைத்தார்களோ, அதே உரிமையோடு இவர் கிறிஸ்துவை அழைத்தார். துக்காராம் என்ற பாலத்தைக் கடந்தே தான் இயேசுவிடம் வந்ததாகச் சொன்னவர் அவர். மதம் மாறினாரே தவிர பாட்டை மாற்றவில்லை. அவரது பாட்டு நிலைத்ததற்கு இதுவே காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது.

தமிழருக்கு இது புதிதல்ல. கம்பனில் ஊறிய எச்.ஏ. கிருஷ்ண பிள்ளை 1894-ல் 'இரட்சணிய யாத்திரிகம்' தந்தார். அவருக்கும் முன்னால் தஞ்சையில் வேதநாயக சாஸ்திரியார். அங்கே ஆண்ட சரபோஜி மராட்டிய மன்னர்; இருவரும் ஷ்வார்ட்ஸ் பாதிரியாரின் அரவணைப்பில் வளர்ந்தவர்கள் என்பது சுவையான விஷயம்.

திலக்கின் பாட்டுக்கு விலை கொடுத்தவர் அவர் மனைவி. ஞானஸ்நானம் பெறப்போவதை லட்சுமிபாயிடம் கணவர் சொல்லவில்லை. உறவினர் வீட்டில் மகனோடு இருந்தவருக்குச் செய்தி பிறகுதான் எட்டியது. அந்த நாளில் இப்படி நேர்ந்த பெண்ணின் நிலை, புருஷன் உயிரோடிருக்கும்போதே விதவையான நிலை. ஐந்து வருஷத்துக்குக் கொஞ்சம் குறைவாகப் பிரிந்திருந்துவிட்டு, மகனோடு கணவரிடம் வந்து சேர்ந்தார். மதம் மாறியல்ல. ஒரே வீட்டில் தனிச் சமையல், தனித் தண்ணீர், மடி ஆசாரம். சாதியை உண்டாக்கியது கடவுளா, மனிதனா என்ற கேள்வி ஒருநாள் அவருக்குள்ளேயே எழுந்து, மனிதன்தான் என்று முடிவான பிறகே யார் கையாலும் சாப்பிடத் துணிந்தார். 1900-ல் அவரும் ஞானஸ்நானம் பெற்றார்.

இதெல்லாம் நமக்குத் தெரிவது லட்சுமிபாயின் 'ஸ்மிருதி சித்ரே' மூலம். 1934 முதல் பகுதி பகுதியாக வந்த சுயசரிதை. பள்ளிக்கூடம் போகாதவர் எழுதியது; மராத்தி உரைநடையின் சிகரங்களில் ஒன்று. ஆங்கிலத்தில் 1950-லும், சாந்தா கோகலே மொழிபெயர்ப்பில் 2017-லும் வந்திருக்கிறது. கணவரை அவர் தெய்வமாக்கவில்லை. கோபக்காரர், காசைக் கையில் வைத்துக்கொள்ளத் தெரியாதவர், வீட்டில் அரிசி இருக்கிறதா என்று பார்க்காமல் விருந்தாளியை அழைத்து வருபவர் என்று சிரித்துக்கொண்டே எழுதுகிறார். அந்த விருந்தாளிகளில் ஒருவர் பின்னாளில் 'பாலகவி' என்று புகழ்பெற்ற இளைஞர் தோம்ப்ரே.

அமெரிக்கன் மராத்தி மிஷனின் கேந்திரமான அகமத்நகரில் (2024-லிருந்து அகில்யாநகர்) திலக் வேத மாணவர்களுக்குப் பாடம் நடத்தினார். 1904-ல் குருப்பட்டம். 'ஞானோதய' பத்திரிகையின் மராத்திப் பகுதிக்கும் ஆசிரியரானார். ஆனாலும் மிஷனிலிருந்து வாங்கும் சம்பளம் அவரை உறுத்திக்கொண்டே இருந்தது. அன்னியரிடம் கூலி வாங்கும் கிறிஸ்துவன் சொந்த ஊரார் முன் என்ன வாய் திறக்க முடியும்? 1917-ல் சம்பளத்தை உதறி, காவி தரித்து, சாத்தாராவுக்குப் போனார். ஞானஸ்நானம் பெற்றவர், பெறாதவர் எல்லோரும் கிறிஸ்துவின் சீடராகக் கூடும் 'தேவாசா தர்பார்' ஒன்றைத் தொடங்கினார். மிஷன்காரர்கள் சிலர் முகம் சுளித்திருப்பார்கள். அதைப்பற்றி அவர் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

தர்பார் நிலைகொள்ள அவகாசம் கிடைக்கவில்லை. 1919 மே 9 அன்று பம்பாயில் திலக் காலமானார். அவர் விரும்பியபடியே உடல் தகனம் செய்யப்பட்டது. அஸ்தி அகமத்நகரில் அடக்கமாயிற்று.

மேஜைமேல் ஒரு காவியம் பாதியில் நின்றிருந்தது. ஓவியில் இயேசுவின் கதை, பெயர் 'கிறிஸ்தாயன'. பத்து அத்தியாயத்துக்குச் சற்று மேல்தான் ஆகியிருந்தது. லட்சுமிபாய் உட்கார்ந்து இன்னும் 64 அத்தியாயங்கள் எழுதினார்.